பதினாலாம் வட்டத்துக் கருங்கல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் உழவர்கரைத் தெருவில் ஒருவர் குடையும் ஜோல்னாப் பையுமாகக் கிழக்கேயிருந்து வேர்க்க விறுவிறுக்க நடந்து வருகிறார் என்றால், அது குழி முசேதான் என்று பால் குடிக்கிற குழந்தைகூடச் சொல்லிவிடும். முசே என்பது ஊரார் கொடுத்த மரியாதை, பிரெஞ்சுக்காரன் பாஷையில் ஐயா. குழி என்பது ஊரார் செய்த கேலி. சொந்தப் பெயர் தெய்வநாயகம். முத்தியால்பேட்டைக்காரர். நிலம் அளக்கிற ஆபீசில் படம் வரைகிற உத்தியோகம். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் நாலு வருஷமாகியும் அவர் இன்னும் பிரெஞ்சில்தான் எழுதிக்கொண்டிருந்தார். வாரத்தில் ஆறு நாள் உயிரோடு இருக்கிறவர்களின் நிலத்தை வரைவார். ஏழாம் நாள் செத்தவர்களின் நிலத்தை வரையக் கிளம்பிவிடுவார்.

அதற்கென்று ஓர் இடம் இருந்தது. ஊருக்கு வடமேற்கே இரண்டு மணி நேர நடையில் செம்மண் மேடு. முந்திரியும் பனையும் காரைச்செடியுமாகக் கிடக்கிற அந்தப் பொட்டலில், எந்தக் காலத்து ஆட்களுடையதோ தெரியாத புதைகுழிகள் ஏராளம். வட்டமாகக் கல் நட்டு, நடுவில் சரளையைக் குவித்து, அதற்குக் கீழே தாழியில் ஆளை வைத்திருப்பார்கள். சுற்றுப்பட்டு ஜனங்கள் அதைக் குள்ளன் வூடு என்பார்கள். நெருப்பு மழை பெய்யப் போகிறதென்று தெரிந்துகொண்ட குள்ளர்கள் பூமிக்குள் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்களாம். உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தவர்கள்தான். அங்கே ஆடு மேய்க்கலாம், முந்திரிக்கொட்டை பொறுக்கலாம், படுத்துத் தூங்கக்கூடச் செய்யலாம். ஒரு கல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அடுத்தவன் வீட்டு நிலைப்படியைப் பெயர்த்துக்கொண்டு வந்தால் அவன் சும்மா இருப்பானா?

கலியபெருமாள்தான் முசேக்கு வண்டிக்காரன். மற்ற நாட்களில் டவுனில் வீடு கட்டுகிறவர்களுக்கு மணலும் செங்கல்லும் அடிப்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு பானைத் தண்ணீர், ஓர் அளவுச் சங்கிலி, நாலு குச்சி, முசேயின் ரொட்டிப் பொட்டலம், இவ்வளவுதான் பாரம். முசே வண்டியில் ஏறமாட்டார். வண்டியைக் கட்டச் சொல்லிவிட்டு அதற்கு முன்னால் நடப்பார்.

"ஏறிக்குங்களேன்யா, மாடு சும்மாத்தான போவுது."

"வண்டியில ஒக்காந்தா மாட்டு முதுகுதான்டா தெரியும். கல்லு தெரியாது."

இரண்டு வருஷமாக இதே பேச்சு. மேட்டுக்குப் போனதும் ஒவ்வொரு வட்டமாகச் சுற்றிவந்து, "அன், தெ, த்ருவா" என்று பிரெஞ்சில் கல்லை எண்ணிச் சுண்ணாம்புக்கட்டியால் இலக்கம் போடுவார். தோண்டமாட்டார். தோண்டுகிறவர்கள் மேல் அவருக்கு ஆத்திரம் உண்டு. தூங்குகிறவனை எழுப்பி நீ யாரென்று கேட்பது என்ன மரியாதை என்பார். அளப்பார், வரைவார், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். எல்லாம் சந்தோஷமாகவே போகும், பதினாலாம் வட்டம் வருகிற வரைக்கும்.

பதினாலாம் வட்டத்தில் பதினாறு கல் இருந்தது. பதினாறும் அந்த மேட்டிலேயே கிடைக்கிற செம்பாறாங்கல். கிழக்குப் பக்கத்தில் கல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. "அம்பத்து மூணுல நான் தனியா வந்தப்போ இங்க ஒரு கருங்கல்லு இருந்துச்சுடா. இதோ பாரு, வரைஞ்சி வெச்சிருக்கேன்" என்று நோட்டைப் பிரித்துக் காட்டுவார். "இந்த மேட்டுல எங்கயாவது கருங்கல்லு உண்டா? பத்துப் பதினஞ்சு மைல் தள்ளியிருந்து எவனோ இழுத்தாந்து நட்டிருக்கான். செத்தவன் மேல எவ்ளோ ஆசை இருந்தா இழுத்தாந்திருப்பான்! அதைப் போயி ஒரு திருட்டுப்பய தூக்கிட்டுப் போயிட்டானே!"

அந்தச் சமயம் பார்த்துக் கலியபெருமாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவான். மாடுகள் குடித்திருந்தாலும் மறுபடி காட்டுவான். அந்தத் திருட்டுப்பயல் அவன்தான்.

அவனைத் திருடன் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. நடந்தது இதுதான். கொடி இறங்கின வருஷம், ஏம்பலத்துக்குப் பெண் பார்க்கப் போனான். தட்டில் வெற்றிலை வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது இவன் காலாற நடக்கிற மாதிரி தெருவுக்கு வந்தான். அப்போது ஒருத்தி தலையில் அழுக்கு மூட்டையோடு ஏரிப் பக்கமாகப் போனாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பெண் பார்க்க வந்தவர்களுக்காக உடுத்தின புடவையை அவிழ்த்து வைத்துவிட்டு, வந்தவர்கள் எழுந்து போகும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிட்ட கல்யாணப்பெண் சுலோசனாதான் அது. இவனைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேகமாகப் போனாள். இவன் அங்கேயே தீர்மானித்துவிட்டான். இவள் நம் வீட்டுக்கு வந்தால் மூட்டை தூக்கக் கூடாது. கிணற்றடியில் நல்லதாக ஒரு துவைக்கிற கல் போட்டுவிட வேண்டும்.

நல்ல கல் எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும். மேட்டுப் பக்கம் விறகு ஏற்றப் போனபோது பார்த்து வைத்திருந்தான். ஒன்றரை முழ அகலம், இரண்டு முழ நீளம், மேலே தண்ணீர் வழிகிற மாதிரி லேசான சரிவு. ஒரு மத்தியானம் மாட்டைப் பூட்டிக் கயிறு கட்டி இழுத்து, உருளைக்கட்டை வைத்து வண்டியில் ஏற்றி, மேலே நாலு கட்டு விறகைப் பரப்பிக்கொண்டு வந்துவிட்டான். திருவக்கரைப் பக்கம் ஒரு கல்லுடைக்கிறவன் கொடுத்ததாக அம்மாவிடம் சொன்னான். தை மாசம் சுலோசனா வந்தாள். மூன்றாம் நாள் காலை கிணற்றடியில் நின்று, "இந்தக் கல்லு சோக்கா இருக்குதே!" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு கலியபெருமாள் ஒரு வருஷம் சந்தோஷமாக இருந்தான்.

அதற்குப் பிறகுதான் வினை ஆரம்பித்தது. முதல் கர்ப்பம் ஐந்தாம் மாசத்தில் கலைந்தது. எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான் என்று இருந்தார்கள். இரண்டாவதும் அதே ஐந்தாம் மாசத்தில் போனதும் கலியபெருமாளின் தாய் தனக்கொடிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவளைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். மருமகளுக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்து, முருங்கைக்கீரையும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தவள். ஆனால் கலியபெருமாளுக்கு முன்னால் மூன்று பெற்று மூன்றையும் மண்ணுக்குக் கொடுத்தவள். பயந்தவள் செய்கிற காரியமெல்லாம் கொடுமையாகத்தான் வந்து முடியும்.

மகனையும் கூட்டிக்கொண்டு குறி கேட்கப் போனாள். உடுக்கைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அடித்தார். பிறகு சொன்னார்: "பொண்ணு காலடியில செத்தவங்க பொருள் ஒண்ணு கெடக்குதும்மா. அவளுக்குன்னே வந்த பொருள். அது இருக்கிற வரைக்கும் வயித்துல தங்காது."

கலியபெருமாளுக்கு உடனே புரிந்துவிட்டது. தினமும் இரண்டு வேளை அவள் எங்கே நிற்கிறாள்? அந்தக் கல்லடியில்தான். அது யாருக்காக வந்தது? அவளுக்காகத்தான். அதை அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறப்பதற்குள் தனக்கொடி, "அவளுக்குன்னு வந்ததுன்னா அவ தாய்வூட்டுச் சீருதானே? அந்த அண்டா!" என்றாள். சுலோசனாவைச் சிறுவயதில் தூக்கி வளர்த்த அத்தை ஒருத்தி சாகும்போது அவளுக்கென்று வைத்துவிட்டுப் போன பித்தளை அண்டா அது. மறுநாளே மாரியம்மன் கோயில் மடப்பள்ளிக்குப் போயிற்று. சுலோசனா அதை ஒரு தடவை புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தாள். பக்கத்தில் நின்று வண்டியில் தூக்கி வைத்தவன் கலியபெருமாள்.

அதோடு தீர்ந்ததா? பொருள் வந்தது அவள் வீட்டிலிருந்துதான் என்று தெருவெல்லாம் பேச்சாயிற்று. ஏம்பலத்துக்கும் எட்டிவிட்டது. செத்தவள் சொத்தைப் பெண்ணோடு அனுப்பிவிட்டாயாமே என்று அங்கே சுலோசனாவின் தாய் பார்வதியைக் கேட்டார்கள்.

இப்போது மூன்றாவது. நாலாம் மாசம் முடிகிற தறுவாயில் ஒரு நாள் சுலோசனா அடிவயிறு இழுக்கிறதென்று சுருண்டு படுத்தாள். தனக்கொடி மறுபடி உடுக்கைக்காரரிடம் ஓடினாள். பொருள் இன்னும் இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். அண்டா போயும் இன்னும் இருக்கிறதென்றால் எது? எதுவென்று தேடுவதை விட, அவள் கொண்டுவந்த சாமானையெல்லாம் அவளோடு சேர்த்து ஏம்பலத்துக்கே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தாள்.

"தங்கிச்சின்னா புள்ளையோட வரட்டும், ஆரத்தி எடுக்கறேன். தங்கலைன்னா..." என்று அன்று சாப்பாட்டு வேளையில் நிறுத்தினாள்.

"தங்கலைன்னா?" என்றான் கலியபெருமாள்.

"எங்கண்ணன் பொண்ணு தனம் இருக்குது. நான் வேற என்னாடா செய்யட்டும்? இந்த வூட்டுல வெளக்கு எரிய வேணாமா?"

சுலோசனா குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா மாமா?" என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அவள் ஊற்றினாள். அவன் சாப்பிட்டான். அந்தச் சோறு எப்படி இறங்கியது என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

திங்கட்கிழமை அவள் அண்ணன் அம்மாவாசை வந்து கூட்டிப் போவதாக ஏற்பாடு. முந்தின நாள் ஞாயிறு. வழக்கம்போல முசே வந்தார். புரட்டாசிப் புழுக்கம். வானம் மூடிக்கொண்டு ஒரு சொட்டுகூட விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. வழியெல்லாம் மல்லாட்டைக் கொல்லைகளில் வேர்க்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். முசே ஒரு செடியைக் கேட்டு வாங்கி, பச்சைக் கொட்டையை உரித்துத் தின்றபடி நடந்தார். வீட்டில் சொல்ல முடியாததை இவரிடம் முதலில் சொல்லிப் பார்ப்போம், வெளி ஆள்தானே என்று நினைத்துக்கொண்டே கலியபெருமாள் பின்னால் வந்தான்.

பதினாலாம் வட்டம் வந்தது. முசே எண்ணி முடித்து, பள்ளத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, நோட்டைப் பிரித்தார். இந்தத் தடவை கலியபெருமாள் மாட்டிடம் போகவில்லை.

"ஐயா, அது எங்க வூட்லதான் இருக்குது."

"எது?"

"அந்தக் கருங்கல்லு. நான்தான் எடுத்தேன்."

முசே கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் அவருக்கு ஒன்றும் தெரியாது. மறுபடி மாட்டிக்கொண்டார். அடிப்பார் என்று கலியபெருமாள் எதிர்பார்த்தான். அவரோ இவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஒடைஞ்சிருக்கா? ஓரம் கீரம் பேந்திருக்கா? தெளிவாச் சொல்லுடா!"

"ஒண்ணும் ஆவல. தொவைக்கிற கல்லா போட்டிருக்கேன்."

"தொவைக்கிற கல்லா! அடப்பாவி! ரெண்டு வருஷமா பக்கத்துலயே நின்னுகிட்டு, நான் பொலம்பறதையும் கேட்டுகிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டிகிட்டிருந்தியேடா! அந்த மாடுங்க வயிறு என்னத்துக்கு ஆவும்?" திட்டினாரே தவிர முகம் விளக்கு ஏற்றினாற்போல இருந்தது. "நாளைக்கே கொண்டாந்துடு. நான் ஆபீசுக்கு லீவு போடறேன்."

கலியபெருமாள் அங்கேயே குந்தினான். இரண்டு கர்ப்பம் போனதையும், குறியையும், அண்டாவையும், நாளைக்கு அவளை அனுப்பப் போவதையும் ஒன்றுவிடாமல் சொன்னான். "கல்லைத் திருப்பிப் போட்டா சரியாயிடுமாய்யா? அவங்க உட்டுடுவாங்களா?"

"எவங்க?"

அவன் சரளை மேட்டைக் காட்டினான்.

முசேயும் பக்கத்தில் உட்கார்ந்தார். "இதோ பாருடா. கல்லு போயி கருவைக் கலைக்குமா? அந்தப் பொண்ணு உடம்புல ரத்தம் இல்லாம இருக்கும். வேற எதுனா இருக்கும். டவுன்ல பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. அங்க ஒரு நர்சம்மா எனக்குத் தெரிஞ்சவங்க. சீட்டு எழுதித் தரேன்."

"அப்போ கல்லு ஒண்ணும் பண்ணாதா?"

"ஒண்ணும் பண்ணாது."

"அப்போ அங்கயே இருக்கட்டுமா?"

"டேய்! அது என் கல்லுடா!" என்று கத்திவிட்டார் முசே. கத்தினதற்கு அவருக்கே வெட்கமாகப் போயிற்று. "என் கல்லுன்னா... அவங்க கல்லு" என்று அவரும் மேட்டைக் காட்டினார்.

முசே ரொட்டியைப் பிட்டு இவனுக்குப் பாதி கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஒன் சம்சாரத்துக்கு இது தெரியுமா?"

"தெரியாதுங்க."

"யாருக்குமே தெரியாதா?"

"உங்களுக்குத்தான் சொல்றேன்."

"அப்படின்னா அந்தப் பொண்ணு ரெண்டு வருஷமா எல்லாம் தன்னாலதான்னு நெனைச்சிகிட்டிருக்குதா?"

கலியபெருமாள் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். குள்ளர்களை நினைத்துப் பயந்தானே தவிர, இத்தனை நாளில் அவனுக்கு இந்தக் கணக்கு ஓடவே இல்லை. கல்லால் வந்த பாவம் இருக்கட்டும், தன் வாயால் வந்த பாவம் இருக்கிறதே என்று இப்போதுதான் உறைத்தது. முசே அன்று அதற்குமேல் அளக்கவில்லை. திரும்பும்போது மட்டும், யோசனையாகவே, வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் பொழுது ஏறும் முன்பே அம்மாவாசை வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டான். தனக்கொடி சீர்ச் சாமானை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தவலை, சொம்பு, குத்துவிளக்கு, முறம், அரிவாள்மனை. கடைசியில் சுலோசனா வாங்கின துடைப்பத்தையும் கொண்டுவந்து வண்டியில் சொருகினாள். அம்மாவாசை கோபத்தை அடக்கிக்கொண்டு மாட்டுக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலை இருப்பது போல வாசலுக்கு வாசல் நின்றார்கள்.

"சுலோசனா எங்க?" என்றான் அம்மாவாசை.

அவள் கிணற்றடியில் இருந்தாள். கலியபெருமாளின் வேட்டி ஒன்றைக் கல்லில் போட்டுக் கும்மிக்கொண்டிருந்தாள். "இது ஒண்ணை அலசிட்டு வந்துடறேண்ணா. நான் போயிட்டா இதுக்கு யாரு இருக்கா?" என்றாள்.

கலியபெருமாள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "அங்க நிக்காத! தள்ளி வா!"

"என்னா மாமா?"

"அந்தக் கல்லு குள்ளன் வூட்டுக் கல்லு! நான்தான் எடுத்தாந்தேன். குறியில வந்தது இதுதான். ஒன் அண்டாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் நான் பண்ணது!"

தனக்கொடி கையிலிருந்த எண்ணெய்ச் செம்பு கீழே விழுந்தது. "அடப்பாவி! திருவக்கரைக் கல்லுன்னியேடா!"

"பொய் சொன்னேம்மா."

தனக்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். மகனை இரண்டு அறையும் கொடுத்தாள். பிறகு திடீரென்று அவள் முகம் தெளிந்துவிட்டது. இத்தனை நாளாகத் தேடின பொருள் கண்ணெதிரே கிடைத்துவிட்டதே! மருமகளிடம் போய்த் தோளைத் தொட்டாள்.

"நீ போவ வேணாம்டி. அந்தக் கல்லுதான் போவணும். அம்மாவாச, சாமானை எறக்குப்பா. இன்னிக்கே கல்லை உட்டுட்டு, சாந்தி பண்ணிடலாம். வாடி கண்ணு, உள்ள வா."

சுலோசனா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கல்லைப் பார்த்தாள். பயந்தவள் மாதிரி தெரியவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

"அண்டாவைத் தூக்கி வண்டியில வெச்சது யாரு மாமா?"

"நான்தான்."

"அப்போ தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"எங்கம்மா தெருவுல தலை நிமிந்து நடக்கிறதில்லைன்னு ஒங்கிட்ட சொல்லி அழுதேனே, அப்போ?"

அவன் கல்லின் மேல் கிடந்த வேட்டியைப் பார்த்தான்.

"கல்லு என்னா பண்ணுச்சு மாமா? அது பாட்டுக்குக் கெடந்துச்சு. என் அழுக்கையெல்லாம் வாங்கிகிச்சு. நீ பேசியிருந்தா போதும்." அழவில்லை. மாமியார் பக்கம் திரும்பினாள். "தொடப்பத்தைக்கூட விடாம ஏத்தினீங்களே அத்தே. ஏத்தினது ஏத்தினதாவே இருக்கட்டும்."

வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டாள். வாசலுக்கு வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. "போறேன்" என்றாள். எதிர்வீட்டுப் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

வண்டி நகர்ந்தபின் தலையை வெளியே நீட்டி, "இங்க சொன்னது பத்தாது. அங்க வந்து சொல்லு" என்றாள்.

அன்று மத்தியானமே கல் போயிற்று. அக்கம்பக்கத்தில் ஒருத்தனும் அதைத் தொட வரவில்லை. கலியபெருமாள் தனியாகவே கடப்பாரையும் உருளைக்கட்டையுமாக மல்லுக்கட்டி வண்டியில் ஏற்றினான். இடது கைக் கட்டைவிரல் நசுங்கிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு மாட்டை ஓட்டினான். தனக்கொடி ஒரு கட்டிக் கற்பூரத்தைக் கொடுத்துவிட்டு, "நான் கேட்டேன்னு சொல்லி மன்னிப்பு கேளுடா" என்றாள். யாரிடம் கேட்கச் சொன்னாள் என்று அவன் விசாரிக்கவில்லை.

முசே மேட்டில் குடை பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சொன்னபடி லீவு போட்டிருந்தார். வண்டியிலிருந்து இறங்குகிற கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். நோட்டைப் பார்த்து, "சரிவு உள்பக்கம் இருக்கணும். இன்னும் கொஞ்சம் திருப்பு. இன்னும் ஒரு விரக்கடை" என்று அவனை அரை மணி நேரம் வாட்டினார். கல் பள்ளத்தில் உட்கார்ந்ததும் அதன் தலையில் சுண்ணாம்புக்கட்டியால் இலக்கம் போட்டார். நாலு வருஷத் துவையலில் அந்தக் கல் மற்றக் கல்லையெல்லாம்விட வெளுப்பாக இருந்தது. கலியபெருமாள் கற்பூரம் ஏற்றி விழுந்து கும்பிட்டான். முசேக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் காற்றில் அணையாமல் குடையால் மறைத்துக்கொண்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

"நர்சம்மாவுக்குச் சீட்டு. நாளைக்கே கூட்டிட்டுப் போ."

"நாளைக்கு ஏம்பலம் போறேங்கய்யா."

"பேசத் தெரியுமாடா ஒனக்கு?"

"தெரியலை. போய்ப் பாக்கறேன்."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினான். வண்டி கட்டவில்லை. நடந்தே போனான். பன்னிரண்டு மைலிலும் என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். எதிரே வந்தவர்கள் இவன் தனக்குத்தானே முணுமுணுப்பதைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். ஏம்பலத்துத் தெருவுக்குள் நுழைந்ததும் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

மாமியார் பார்வதி வீட்டு வாசலில் மல்லாட்டைச் செடி மலைபோலக் குவிந்திருந்தது. பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, செடியிலிருந்து கொட்டையை ஆய்ந்து கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். செம்மண் புழுதியில் எல்லார் முகமும் ஒரே நிறமாக இருந்தது. சுலோசனா தூணில் சாய்ந்தபடி மடியில் செடியை வைத்திருந்தாள். இவனைக் கண்டதும் எல்லார் தலையும் நிமிர்ந்தது. பார்வதி எழுந்தாள். வாங்க என்று சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் மகளைப் பார்த்தாள்.

"வா மாமா" என்றாள் சுலோசனா. தனக்குப் பக்கத்தில் ஒரு செடிக்கட்டைத் தள்ளினாள். "ஒக்காரு. ஆய்ஞ்சிகினே சொல்லு."

பெண்கள் நடுவில் ஓர் ஆம்பிளை உட்கார்ந்து மல்லாட்டை ஆய்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. கலியபெருமாள் உட்கார்ந்தான். துணி சுற்றின விரலோடு ஒரு கொட்டையைப் பிடுங்கினான். இன்னொன்றைப் பிடுங்கினான். "அத்தே, அந்த அண்டாவுல ஒரு குத்தமும் இல்லை" என்று தரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தான். குள்ளன் வீட்டுக் கல்லைச் சொன்னான். குறி கேட்டபோது தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்ததைச் சொன்னான். பார்வதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அந்தக் கல்லை ஏம்பா தொட்டே? ஊருல வேற கல்லா இல்ல?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு இவ மூட்டையைத் தூக்கிகிட்டு ஏரிக்குப் போனதைப் பார்த்தேன். எங்க வூட்டுக்கு வந்தா இவ மூட்டை தூக்கக் கூடாதுன்னு நெனைச்சேன். அந்தச் சுத்துப்பட்டுல அதுதான் நல்ல கல்லு."

சுலோசனாவின் கை நின்றுபோயிற்று. இது அவளுக்குத் தெரியாத சேதி. மடியில் கிடந்த செடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து வழிந்தது புழுதியில் இரண்டு கோடு போட்டது. எழுந்து உள்ளே போய், ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவனிடம் நீட்டினாள். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினான். "பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கியாந்திருக்கேன். நாளைக்குப் போலாமா?"

"போலாம். இன்னும் நீ சொல்லி முடிக்கலை."

வட்டத்தின் கோடியில் ஒரு கிழவி, நடந்தது ஒன்றும் புரியாமல் எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வதியின் அக்கா சின்னப்பொண்ணு. காது ரொம்ப மந்தம். அண்டாவைப் பற்றி ஊரில் முதலில் பேச்சை எடுத்தவளே அவள்தான்.

"இன்னாடி சொல்றான் மாப்புள்ள?" என்றாள் கிழவி. "எதுக்குடி பார்வதி அழுவுற?"

ஒருத்தி அவள் காதருகே குனிந்து சொல்லப் போனாள். சுலோசனா கையை நீட்டித் தடுத்தாள்.

"நீங்க சொல்லாதீங்க சித்தி. அவரே சொல்லட்டும்." புருஷன் பக்கம் திரும்பினாள். "பெரியம்மாவுக்குக் காது கேக்காது மாமா. எழுந்து நின்னு சத்தமா சொல்லு."

கலியபெருமாள் எழுந்து நின்றான். மடியிலிருந்த கொட்டையெல்லாம் சிதறியது. தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள். எதிர்வீட்டு ஆட்கள் வெளியே வந்தார்கள்.

"குத்தம் எம்மேல பெரியம்மா!" என்றான்.

"ஆ?"

"குத்தம் எம்மேல! சுலோசனா மேல ஒண்ணும் இல்லை!"

கிழவி காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். கேட்கவில்லை. சுலோசனா அடுத்த செடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் சத்தமா சொல்லு மாமா" என்றாள்.